ரேட்ஸ் கட்டுகிறோம், சபையிடம் காசு இருக்கிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

லேன்_வாசி · ஜனவரி 29, இரவு 9.40

இன்றைக்கு அரைநாள் லீவு போட்டு உள்ளூர்ச் சபைக்கு ரேட்ஸ் (வீட்டு வரி) கட்டப் போனேன். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 10 வீதம் கழிவு, அதை விட மனமில்லை. எனக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள், எல்லோருக்கும் அதே கணக்குத்தான். பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, சரி வந்ததுதான் வந்தோம் என்று மேல்மாடிக்குப் போய் எங்கள் லேன் கான் (வடிகால்) மூடியைப் பற்றிக் கேட்டேன். போன மே மாத மழையில் உடைந்தது. இப்போது அதன்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு வைத்திருக்கிறோம், மூன்றாம் வீட்டு ஆச்சி அதில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எஸ்டிமேட் எல்லாம் போட்டாச்சு தம்பி, சபையிடம் காசு இல்லை" என்றார்.

இல்லை என்றால் இல்லை, சரி. ஆனால் கீழே இறங்கி வரும்போது வாசலில் அறிவித்தல் பலகையில் இந்த வருடப் பாதீட்டின் (வரவு செலவுத் திட்டத்தின்) சுருக்கம் ஒட்டியிருந்தது. அதில் செலவை விட வருமானம் கூட, மிகை என்று போட்டிருக்கிறது. ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் காசு இல்லை, கீழ்மாடியில் மிச்சம்.

எந்தச் சபை என்று போடவில்லை, அது வேண்டாம். கொழும்பு மாவட்டத்துக்குள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பொதுவாக. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, அது நல்லபடியாக ஓடுகிறதா, கடனில் தாண்டுகொண்டிருக்கிறதா என்று என்னைப் போன்ற ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

தேத்தண்ணிக்_கடை · ஜனவரி 29, இரவு 10.05

இரண்டும் உண்மைதான் தம்பி. மிச்சம் கடதாசியில் இருக்கிறது, கான் லேனில் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. போய்ப் படு.

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · ஜனவரி 29, இரவு 10.22

எங்களுக்குக் கொழும்பு மாநகர சபை. 2025 டிசம்பரில் 2026 பாதீடு முதல் தடவை மூன்று வாக்கால் தோற்றது, பிறகு வருடக் கடைசி நாளில் இரண்டு வாக்கால் தப்பியது. 117 பேர் உள்ள சபையில் ஆளும் பக்கத்துக்கு 48 ஆசனம், மிச்சத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், அதனால் மெட்ச் பார்ப்பது போல் எல்லோரும் பார்த்தோம். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார், யார் வரவில்லை என்று வீட்டில் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பாதீட்டுக்குள்ளே என்ன இருந்தது என்று யாரையாவது கேளுங்கள் பார்ப்போம். நானும் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சபைகளின் இணையத்தளங்களில் தேடினால் கிடைப்பதும் பெரும்பாலும் ஸ்கேன் எடுத்த பி.டி.எஃப். சாய்ந்த பக்கம், நடுவில் ரப்பர் முத்திரை, கூட்டிப் பார்க்க ஒரு இலக்கத்தைக்கூட கொப்பி பண்ண முடியாது. எக்செல்லில் போட்டால் என்ன குறைந்துபோகும்?

கணக்கப்பிள்ளை · ஜனவரி 30, காலை 6.15

விடியக்காலையிலேயே எழுப்பிவிட்டீர்கள். நான் உள்ளூராட்சி மன்றக் கணக்குக் கிளையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சபைகள் என்று சொல்லமாட்டேன், அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னோடு பேசுகிறார்கள்.

லேன்_வாசித் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். பாதீட்டைப் பார்த்துச் சபையின் சுகத்தை அறிய முடியாது. அது வரப்போகும் வருடத்துக்கு எழுதுவது. வருமானப் பக்கத்தில் இந்த வருடம் வரவேண்டிய வரியும் இருக்கும், பழைய நிலுவையில் இவ்வளவு வசூலிப்போம் என்ற நம்பிக்கையும் இருக்கும். செலவுப் பக்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வட்டாரத்துக்குக் கேட்ட கான், லைட், படிக்கட்டு எல்லாம் ஏறும். கேட்டதை வெட்டினால் வாக்கு விழாது, அதனால் வெட்டமாட்டார்கள். அந்தச் செலவுக்கு ஈடு காட்ட வருமானத்தைக் கொஞ்சம் ஊத வேண்டும். நாங்களே ஊதியிருக்கிறோம். மேலே இருந்து "இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்று வரும், நிலுவை வசூலில் ஒரு தொகையைக் கூட்டுவோம், அதுதான் யாரும் கேள்வி கேட்காத இடம்.

சுகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வருடம் முடிந்தபின் தயாராகும் இறுதிக் கணக்கையும், அதன்மேல் கணக்காய்வாளர் தலைமை அதிபதி கொடுக்கும் அறிக்கையையும் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கும் அவருடைய பொறுப்பு, 2018இன் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அதற்கு மேலும் கொஞ்சம் பல்லைக் கொடுத்தது. அந்த அறிக்கையைக் கையில் எடுத்தால் அபிப்பிராயம் எழுதிய பந்தியை முதலில் படியுங்கள். கணக்கு உண்மையும் நியாயமுமான தோற்றத்தைக் காட்டுகிறது என்று நேராக எழுதியிருக்கிறதா, "இன்னின்ன விடயங்கள் தவிர" என்று ஒரு வால் இருக்கிறதா, அல்லது அபிப்பிராயமே சொல்ல முடியாது என்று கைவிரித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அட்டவணைக்குப் போங்கள். மூன்று நிரல் இருக்கும்: கணக்காய்வு அவதானிப்பு, சபையின் கருத்து, விதப்புரை (பரிந்துரை). நான் எப்போதும் நடு நிரலைத்தான் முதலில் வாசிப்பேன். "எதிர்காலத்தில் திருத்தப்படும்" என்று எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள், முந்திய வருட அறிக்கையிலும் அதே விடயத்துக்கு அதே பதிலா என்று பாருங்கள். அதற்கு நீங்கள் கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை.

மிகை என்ற சொல்லில் மயங்காதீர்கள். ஊழியர் சம்பளத்தில் பெரும் பங்கு பல சபைகளுக்கு மேலே இருந்து மீளளிப்பாக வருகிறது, காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாண சபை வழியாக வருகிறது. காணி விற்பனை சூடுபிடித்த வருடம் சபை ஒன்றும் செய்யாமலே பணக்காரச் சபையாகத் தெரியும். 2022, 23இல் வங்கி நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? வைப்பு வைத்திருந்த சபைகளுக்கு அது கொட்டியது. அதைத் தன் நிர்வாகத் திறமை என்று பேசியவர்களையும் கண்டிருக்கிறேன்.

லேன்_வாசி · ஜனவரி 30, காலை 8.50

ஐயா, பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்தேன். ஒன்று விளங்கவில்லை. காசு வந்தால்தானே வருமானம்? வராத காசை எப்படி வருமானம் என்று எழுதுகிறார்கள்?

கணக்கப்பிள்ளை · ஜனவரி 30, காலை 9.30

உங்கள் வீட்டுக்கு வரி அறிவித்தல் அனுப்பிய உடனேயே அது புத்தகத்தில் வருமானம். நீங்கள் நேற்றுக் கட்டினீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், ஏழு வருடமாகக் கட்டவில்லை என்று வையுங்கள். புத்தகத்தில் அவரும் நீங்களும் ஒன்றுதான், இரண்டு பேரின் வரியும் வருமானத்தில் சேர்ந்துவிட்டது. அவருடையது மற்றப் பக்கத்தில் "வரவேண்டிய நிலுவை" என்று சொத்தாகக் குந்தியிருக்கும். அந்தச் சொத்தைக் கொண்டு சீமெந்து வாங்க முடியாது. இதனால்தான் மேல்மாடிக்காரரும் பொய் சொல்லவில்லை, அறிவித்தல் பலகையும் பொய் சொல்லவில்லை.

அதனால் யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வருட ஆரம்பத்தில் நிலுவை எவ்வளவு, அந்த வருடம் போட்ட வரி எவ்வளவு, வருட முடிவில் நிலுவை எவ்வளவு என்பது. கடைசித் தொகை வருடா வருடம் கொழுத்துக்கொண்டு போனால் மிகையைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம்.

தேத்தண்ணிக்_கடை · ஜனவரி 30, முற்பகல் 10.10

ஐயா சொல்வது சரி. ஆனால் யார் வாசிப்பது? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, நிதி இல்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 மே 6இல்தான் வாக்குப் போட்டோம். ஜூன் வரை இரண்டு வருடத்துக்கு மேல் மெம்பரே இல்லை. செயலாளரும் ஆணையாளரும் தாங்களே பாதீடு போட்டுத் தாங்களே ஒப்பமிட்டு நடத்தினார்கள். எங்கள் பக்கம் குப்பை லொறி அப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வந்தது, இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதில் கணக்கை வெளியே போட்டு என்ன, போடாமல் விட்டு என்ன?

சுபா_வத்தளை · ஜனவரி 30, பகல் 12.40

அண்ணே, வித்தியாசம் தெரியாமல் போனதுதானே பிரச்சினை. அந்த இரண்டு வருடமும் எங்கள் சந்தைத் தொகுதியில் கடை வாடகையைக் கூட்டினார்கள். ஏன் என்று கேட்க எங்களுக்கு ஒரு மெம்பர்கூட இல்லை. நானும் இன்னும் நாலு கடைக்காரரும் சேர்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டோம். அந்தச் சட்டம் 2016இன் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குள் வரும்.

லேன்_வாசித் தம்பி, நீங்களும் போடுங்கள். தமிழில் எழுதலாம், ஒரு வெள்ளைத்தாள் போதும், படிவம் கட்டாயம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே "சட்டத்தில் இல்லையே" என்று சொல்லுங்கள். கொடுத்ததற்குக் கட்டாயம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அதில் திகதி முத்திரை விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும், அந்த நாட்கள் எண்ணப்படுவது அந்த முத்திரையிலிருந்து. பதில் இல்லை என்றால் 14 நாளுக்குள் அதே சபையில் இருக்கும் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அவர் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். எங்களுக்கு மேன்முறையீட்டோடு வந்துவிட்டது.

கொப்பி எடுக்கக் காசு என்று பயப்பட வேண்டாம். ஆணைக்குழுவின் கட்டணப் பட்டியலில் முதல் நாலு ஏ4 பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கம் 2 ரூபா. இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொப்பி கேட்காமல் "கோப்பைப் பார்வையிட வேண்டும்" என்றும் கேட்கலாம். முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், அதற்குப் பிறகு மணிக்கு 50 ரூபா. நான் அப்படித்தான் போய் இருந்து, பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஹாரோ_மாமா · ஜனவரி 30, மாலை 6.05

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு இருக்கிறது, ரேட்ஸ் நானும் கட்டுகிறேன், அதனால் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இங்கே இங்கிலாந்தில் எங்கள் கவுன்சில்கள் 500 பவுணுக்கு மேல் செலவு செய்தால் யாருக்கு, எதற்கு, எப்போது என்று ஒவ்வொன்றாக வெளியிட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை 30 வேலை நாட்கள் கணக்குப் புத்தகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும், பற்றுச்சீட்டு ஒப்பந்தம் எல்லாம் போய்ப் பார்க்கலாம். காசு போதாமல் போனால் நிதி அதிகாரி 114ஆம் பிரிவு அறிவித்தல் என்று ஒன்றைக் கொடுப்பார், அதற்குப் பிறகு சட்டப்படி செய்தே ஆகவேண்டிய செலவைத் தவிரப் புதிதாக ஒரு சதம் செலவழிக்க முடியாது. பேர்மிங்காம் 2023 செப்டெம்பரில் கொடுத்தது நினைவிருக்கும், சமசம்பள வழக்குக் கடன் கழுத்தை நெரித்தது. நம் ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · ஜனவரி 30, மாலை 6.20

மாமா, அவ்வளவு திறந்து வைத்தும் பேர்மிங்காம் மூழ்கித்தானே போனது? அடுத்த வருடம் வரியை 10 வீதம் கூட்டினார்கள், 2025இல் குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவெல்லாம் பை பையாகக் கிடந்தது. வெளிப்படை இருந்தால் காப்பாற்றும் என்பது கொஞ்சம் கூடிப்போன கதை.

ஹாரோ_மாமா · ஜனவரி 30, மாலை 6.45

காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை மகன். மூழ்குகிறது என்று சனத்துக்குத் தெரிந்தது என்றுதான் சொல்கிறேன். சரி, அந்தத் தகவல் விண்ணப்பத்தை நானும் வெள்ளவத்தை வீட்டுக்காகப் போடலாமா?

சுபா_வத்தளை · ஜனவரி 30, இரவு 7.15

உங்களிடம் இலங்கைக் குடியுரிமை இன்னும் இருக்கிறதா மாமா? அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்.

ஹாரோ_மாமா · ஜனவரி 30, இரவு 7.18

இல்லை. வரி மட்டும் கட்டலாம் போலிருக்கிறது.

கொந்தராத்து · ஜனவரி 30, இரவு 9.50

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் சின்ன அளவில் சபைகளுக்குக் கொங்கிரீட் வேலை செய்கிறவன்: கான், மதகு, நடைபாதை. ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எந்தச் சபை எவ்வளவு பிந்திக் காசு கொடுக்கும் என்று எங்களுக்கெல்லாம் அத்துப்படி. ஒரு சபை 45 நாளில் தரும், ஒரு சபை ஆறு மாதம், இன்னொன்றுக்கு வேலை செய்தால் அடுத்த தேர்தல் வரை இருக்க வேண்டும். விலைமனு எழுதும்போதே அந்தக் காத்திருப்புக்கு வட்டியைக் கணக்குப் பார்த்து விலையில் ஏற்றிவிடுவோம். ஒரே அளவு கான் மூடி, ஒரே இரும்பு, ஒரே சீமெந்து, ஆனால் காசு பிந்தும் சபைக்கு நான் எழுதும் விலை வேறு. டீசல் அடிக்கும் ஷெட்காரருக்குத் தெரியும், டயர் கடைக்காரருக்குத் தெரியும், வங்கி மனேஜருக்குத் தெரியும், லொறிச் சாரதிக்குக்கூடத் தெரியும், ஏனென்றால் ஓவர்டைம் காசு பிந்துவது அவனுக்குத்தான் முதலில். தெரியாத ஆள் ரேட்ஸ் கட்டுகிறவர் மட்டும்தான். கடைசியில் அந்தக் கூடின விலையைக் கட்டுகிறவரும் அவர்தான்.

சபையின் பலவீனத்தை வெளியே சொன்னால் சப்ளையர் ஓடிவிடுவார், அதனால் மூடி வைக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். நான் சொன்னேன், "சேர், சப்ளையருக்கு எப்போதோ தெரியும்."

தேத்தண்ணிக்_கடை · ஜனவரி 30, இரவு 10.02

இது நல்ல கதை. நான் போட்டதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மற்றப் பாதி அப்படியே.

கணக்கப்பிள்ளை · ஜனவரி 31, காலை 5.50

கொந்தராத்துக்காரர் சொன்னது கணக்கில் எங்கே தெரியும் என்றால், "கொடுக்கவேண்டியவை" என்ற தலைப்பில். அதற்குள் விநியோகஸ்தர், ஒப்பந்தக்காரர், ஓய்வூதிய நிதிக்கு அனுப்பாத பங்களிப்பு எல்லாம் இருக்கும். வங்கி மீதியைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அதைக் கழியுங்கள். பிறகு வைப்புப் பணத்தையும் கழியுங்கள், கடைக்காரர் கட்டிய முற்பணம், ஒப்பந்தக்காரரிடம் பிடித்து வைத்த தொகை எல்லாம் சபையின் காசு அல்ல, ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. நீண்டகாலக் கடன் பெரும்பாலும் உள்ளூர்க் கடன்கள் அபிவிருத்தி நிதியத்தில் எடுத்ததாக இருக்கும். அது 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய பழைய நிதியம். அந்தக் கடன் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, தவணை எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் சரியாக இல்லாத சின்னக் கடன்களைத்தான் பாருங்கள்.

மாமா கேட்ட அறிவித்தல் போல ஒன்று இங்கே இல்லை. சபை முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை. கான் உடைந்தால் கதவைப் போடுவோம்.

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · ஜனவரி 31, காலை 11.30

ஐயா, கணக்கில் வராத கடனும் இருக்கிறதுதானே? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அது கொழும்பு நகரத்தின் குப்பை, விழுந்தது கொலன்னாவைச் சனத்தின்மேல். அந்த மலை உயர்ந்துகொண்டு போன வருடங்களில் எந்த ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) அது கடன் என்று எழுதப்பட்டிருக்கும்? அந்த வருடங்களில் குப்பைக்கு மலிவாகச் செலவழிக்கிறோம் என்றுதான் கணக்கு காட்டியிருக்கும். பிறகு குப்பையைக் கெரவலப்பிட்டிக்கும், பிறகு புத்தளம் அறுவாக்காலு வரை ரயிலிலும் ஏற்றிப் போக வேண்டி வந்தது. என் அம்மம்மாவின் தங்கை அந்தப் பக்கம் இருந்தவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த வீட்டுக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

கணக்கப்பிள்ளை · ஜனவரி 31, பகல் 12.15

எழுதப்பட்டிராது. நான் இருந்த இடங்களில் குப்பை மேட்டை மூடிப் பாதுகாக்க ஆகும் செலவு என்று ஒரு பதிவைக் கண்டதில்லை. வரி மதிப்பீடும் அப்படித்தான், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியதைத் தள்ளிக்கொண்டே போவார்கள், ஓட்டு வீடு இருந்த இடத்தில் ஏழுமாடி நிற்கும், வரி ஓட்டு வீட்டுக்குத்தான் வரும். வராமல் போன அந்த வருமானமும் எங்கும் எழுதப்படாது. கணக்கு, எழுதியதைத்தான் காட்டும். இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி.

மட்டுறுத்துனர் · ஜனவரி 31, பிற்பகல் 3.00

ஓர் அலுவலரின் பெயரோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சபையின் நடைமுறையைப் பற்றிப் பேசுங்கள், கிளாக்கின் பெயர் இங்கே வேண்டாம்.

லேன்_வாசி · பெப்ரவரி 27, இரவு 8.30

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுபா அக்காவுக்கு முதல் நன்றி. விண்ணப்பம் பெப்ரவரி 2இல் கொடுத்தேன், ஒப்புதல் தர முதலில் தயங்கினார்கள், "முத்திரை இருந்தால் போதும்" என்று நின்றேன், அடித்துத் தந்தார்கள். நாள் முடிவதற்கு ஒரு நாள் இருக்கும்போது வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எதிரில் தகவல் அலுவலர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கோப்பு இரண்டு. 2024 இறுதிக் கணக்கும் அதற்கான கணக்காய்வு அறிக்கையும். அறிக்கை சிங்களத்தில், தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை என்றார், என் சிங்களம் கடைச் சிங்களம், ஆனால் இலக்கத்துக்கு மொழி இல்லையே. ஐயா சொன்னபடி நடு நிரலை எண்ணினேன். "நடவடிக்கை எடுக்கப்படும்", "எதிர்காலத்தில் திருத்தப்படும்" என்ற கருத்தில் 19 இடம். ஒரு குப்பை ட்ரக்டர் பல வருடமாக ஓடாமல் நிற்கிறது, அதற்கும் வருடா வருடம் காப்புறுதி கட்டியிருக்கிறார்கள். சபையின் கருத்து: "ஏற்றுக்கொள்கிறேன்." அந்த ஒரு சொல்லை வாசித்துச் சிரிப்பு வந்துவிட்டது, அலுவலர் நிமிர்ந்து பார்த்தார்.

நிலுவையைப் பார்த்தேன். வருடத் தொடக்கத்தை விட முடிவில் கூட. அந்த வருடம் போட்ட வரியையும் முடிவு நிலுவையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நிலுவைதான் பெரிது. பெரிய நிலுவைக்காரர் யார் என்று ஓர் இணைப்புப் பட்டியல் இருப்பதாக அறிக்கையில் குறிப்பு இருக்கிறது, அதை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனிப்பட்ட தகவலாம்.

பிறகு என் கான். "கான் மற்றும் மதகு பராமரிப்பு" என்ற செலவுத் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறது. வருட முடிவில் அதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. இதைக் காட்டி அலுவலரிடம் கேட்டேன், ஒதுக்கியிருக்கிறதே, ஏன் செய்யவில்லை? அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மகன், ஒதுக்கீடு இருக்கும். வவுச்சரை அனுப்பினால் காசு இல்லை என்று திரும்பி வரும். மாதக் கடைசியில் ஓவர்டைமும் டீசலும் போனபிறகு என்ன மிச்சமோ அதில் கான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதை ஏன் வாசலில் ஒட்டவில்லை என்றுதான் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

சுபா_வத்தளை · பெப்ரவரி 27, இரவு 9.00

அந்தப் பட்டியலை விடாதீர்கள். கம்பனியும் அரச திணைக்களமும் தனிப்பட்ட ஆள் இல்லை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், 14 நாள் ஓடத் தொடங்கிவிட்டது. தனி ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தாருங்கள் என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள், அப்படிப் பிரித்துக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

தேத்தண்ணிக்_கடை · பெப்ரவரி 27, இரவு 9.12

தனி ஆட்களின் பெயரும் வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். கடையில் கடன் கொப்பியை நான் மறைத்தா வைத்திருக்கிறேன்?

சுபா_வத்தளை · பெப்ரவரி 27, இரவு 9.20

அண்ணே, புருஷன் செத்து மூன்று பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண் 4,000 ரூபா கட்டவில்லை என்று ஊருக்கே போட வேண்டுமா? பெரிய கட்டடங்கள் வரட்டும், போதும்.

தேத்தண்ணிக்_கடை · பெப்ரவரி 27, இரவு 9.31

சரி, அது சரி.

கொட்டாஞ்சேனைப்_பொடியன் · பெப்ரவரி 27, இரவு 9.40

அண்ணா, எழுதிக்கொண்டு வந்த இலக்கங்களை எனக்கு அனுப்புங்கள். நிலுவை, கொடுக்கவேண்டியது, வங்கி மீதி, வைப்பு, இந்த நாலையும் ஒரு ஷீட்டில் போடுகிறேன். நானும் கொழும்பு மாநகர சபைக்கு ஒன்று போட்டுவிட்டேன். அடுத்த வருடம் இரண்டாவது நிரல் வந்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

கொந்தராத்து · பெப்ரவரி 27, இரவு 10.15

தம்பி, அந்தக் கான் மூடியின் அளவு என்ன? சபைக் கானில் சபையின் அனுமதி இல்லாமல் நான் கைவைக்க முடியாது, ஆனால் என் யார்டில் வேறொரு வேலையில் மிஞ்சின ஸ்லாப் நாலைந்து கிடக்கிறது. அளவு சரிவந்தால், லேன் ஆட்கள் எல்லோரும் ஒப்பமிட்டு ஒரு கடிதம் கொடுங்கள், நாங்கள் போட்டுக்கொள்கிறோம், காசு வேண்டாம் என்று. அதற்கும் மாட்டோம் என்று சொல்வார்களா பார்ப்போம்.

லேன்_வாசி · பெப்ரவரி 28, காலை 7.05

இப்போதுதான் அளந்தேன் அண்ணா. நீளம் 3 அடி 2 அங்குலம், அகலம் 2 அடி, கனம் பக்கத்து மூடியைப் பார்த்தால் 4 அங்குலம் வரும். அளந்துகொண்டிருக்கும்போது ஆச்சி வந்து, "சபையிலிருந்தா தம்பி?" என்று கேட்டார்.